கடற்பாசி மரக்கறிக் கட்லட்: கேள்வி – பதில்

கேள்வி: மரக்கறிக் கட்லட்டில் கடற்பாசி சேர்த்தால் எண்ணெயில் போட்டதும் வெடித்துப் பிரிந்துவிடுகிறது. அளவுகளோடு செய்முறை சொல்வீர்களா?
– வாசகி, நெல்லியடி

பதில்: வெடிக்க வைப்பது பாசி பிடித்து வைத்திருக்கும் தண்ணீர்தான். கொதிக்கும் எண்ணெயில் அது ஆவியாகி, வழி கிடைக்கும் இடத்தைப் பிளந்துகொண்டு வெளியேறும்.

ஏறக்குறைய 14 கட்லட்டுக்கு உருளைக்கிழங்கு 500 கிராம், கரட், லீக்ஸ், ஊறவைத்துப் பிழிந்த பாசி வகைக்கு 100 கிராம், சின்ன வெங்காயம் 75 கிராம், பச்சைமிளகாய் 3, மிளகுதூள் 1 தேக்கரண்டி, பிசைய றஸ்க் தூள் 50 கிராம் எடுங்கள். புரட்டுவதற்கு றஸ்க் தூள் தனியாக வேண்டும்.

கிழங்கைத் தோலோடு முழுதாக அவியுங்கள். வெட்டி அவித்தால் நீர் குடிக்கும். சூட்டோடு மசித்து, ஆவி போகப் பரப்பிவிடுங்கள். வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலையை வதக்கி, துருவிய கரட்டும் அரிந்த லீக்ஸும் சேர்த்துத் தாச்சியில் ஈரம் வற்றும் வரை கிளறுங்கள். பொடியாக வெட்டிய பாசியைக் கடைசியில் போட்டு 2 நிமிடத்தில் இறக்குங்கள். கூடுதலாக நின்றால் கரைந்து வழுவழுக்கும்.

எல்லாவற்றையும் ஆறியபின் பிசைந்து, ருசி பார்த்தே உப்பிடுங்கள். பாசியிலேயே உப்பு உண்டு. 60 கிராம் உருண்டைகளை 1.5 செ.மீ. தடிப்பில் தட்டி, 30 நிமிடம் பிறிஜ்ஜில் வையுங்கள். 6 மேசைக்கரண்டி கோதுமை மாவை 100 மி.லீ. தண்ணீரில் கரைத்து, அதில் தோய்த்து றஸ்க் தூளில் புரட்டுங்கள். பலர் விளிம்பை மறந்துவிடுகிறார்கள், பிளப்பதும் அங்கேதான். எண்ணெய் 175 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். பாண் துண்டொன்றைப் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் பொன்னிறமாகும். ஒரே தடவையில் நாலுக்கு மேல் போட்டால் சூடு இறங்கி, கட்லட் எண்ணெய் குடிக்கும்.

கேள்வி: எந்தப் பாசி நல்லது? கரையில் ஒதுங்கியதை எடுக்கலாமா?
– வாசகர், ஊர்காவற்றுறை

பதில்: ஒதுங்கிக் கிடப்பதை விட்டுவிடுங்கள், எவ்வளவு நேரம் வெயிலில் அழுகியது என்று தெரியாது. இறங்குதுறை, கழிவுநீர் வாய்க்கால் பக்கத்தில் வளர்வதும் வேண்டாம். மெல்லிய நூல்போலக் கிளைக்கும் கஞ்சிப்பாசி கட்லட்டுக்கு நன்றாகப் பொருந்தும். அதிலுள்ள அகார் என்ற கூழ்ப்பொருள் உறைந்தபின் மறுபடி இளக 85 பாகையளவு சூடு வேண்டும். கயிற்றில் கட்டி வளர்க்கும் தடித்த கப்பாபைக்கஸ் பாசியில் இருப்பது கராஜீனன் என்ற வேறொரு கூழ்ப்பொருள். அது இன்னும் குறைந்த சூட்டிலேயே இளகும், ஆகவே 100 கிராமுக்குப் பதில் 60 போதும். காய்ந்த பாசியில் ஒட்டிய உப்பையும் மணலையும் மூன்று தண்ணீரில் அலசி, 2 மணித்தியாலம் ஊறவைத்து, துணியில் இறுகப் பிழியுங்கள். கடல் வாடை பிடிக்காதவர்கள் கடைசித் தண்ணீரில் ஒரு தேசிக்காயைப் பிழிந்து 15 நிமிடம் விடலாம்.

கேள்வி: பாசிக்குப் பதிலாகக் கடையில் விற்கும் சைனா கிராஸ் போடலாமா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: வேண்டாம். அது பிரித்தெடுத்த அகார் மட்டுமே. கடிபடாது, வாசமும் இல்லை.

கேள்வி: றஸ்க் தூளுக்குப் பதில் ஒடியல் மா சரிவருமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: ஒடியல் மாவில் கைப்பு உண்டு, கூழில் அது மறைந்தாலும் கட்லட்டில் தெரியும். புழுக்கொடியல் மா நல்லது. அதற்கான பனங்கிழங்கு முன்னரே அவிந்ததால் ஈரத்தை உடனே உறிஞ்சும். பிசைய 3 மேசைக்கரண்டி எடுங்கள். மேலே புரட்ட வேண்டாம், கருகும்.

கேள்வி: முதல்நாளே செய்து உறைய வைக்கலாமா? தைரொயிட் உள்ளவர்கள் சாப்பிடலாமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: புரட்டியதைத் தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவிட்டு, பிறகு பையில் போடுங்கள். பொரிக்கும்போது இளகவிடாமல், 160 பாகையில் சற்று நிதானமாகப் பொரியுங்கள். இளகினால் பாசி நீர் கசியும், கட்லட் குழையும். தைரொயிட் மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்ட பிறகே சாப்பிட வேண்டும். பாசியில் அயடின் உண்டு, அதன் அளவு வகைக்கு வகை மிகவும் மாறும்.