அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது யார்?

அன்புள்ள ஐயா,

நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேற யோசிக்கிறோம். ஒரு நாட்டில் வழிபாட்டுத்தலம் கட்டிக்கொள்ளலாம், ஆனால் தொழில் தொடங்க உள்ளூர்க்காரரைப் பங்காளியாகச் சேர்த்தாக வேண்டும். இன்னொன்றில் தொழிலுக்குத் தடையே இல்லை, வழிபாடு வீட்டுக்குள் மட்டும்தான். மதச் சுதந்திரம்தானே முதலில்? குளிர், மொழி, பிள்ளைகள் படிப்பு என்று வேறு கவலைகளும் உண்டு.

ஒரு வாசகர்

(நீளம் கருதிச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தம்பி,

மதச் சுதந்திரம்தான் முதலில் என்று எழுதிவிட்டு, நான் வெட்டிய பக்கங்களில் முழுக்க வரியும் பங்காளியும்தான். தப்பில்லை, பிழைக்கப் போகிறவர் கேட்கத்தான் வேண்டும். குளிர் பழகிவிடும். மொழியைப் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள், நீங்களும் திட்டு வாங்கியாவது கற்றுக்கொள்வீர்கள்.

உங்கள் கடிதம் வந்த நேரம், நான் மென்னோனைட்டுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஆயுதம் எடுக்க மாட்டோம் என்கிற கிறிஸ்தவப் பிரிவினர். நாடு விட்டு நாடு போவதற்கு முன் ஆள் அனுப்பி விசாரிப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. குடியேற வருபவர்களுக்கு வழிபாட்டு உரிமையும் வரிவிலக்கும் உண்டு என்று ரஷ்யப் பேரரசி இரண்டாம் காதரீன் 1763-இல் அறிவித்திருந்தார். 1786-இல் டான்சிக் (இன்று போலந்தில் இருக்கும் க்டான்ஸ்க் நகரம்) பக்கத்து மென்னோனைட்டுகள் ஹெப்னர், பார்ட்ச் என்ற இருவரை அங்கே அனுப்பினார்கள். இவர்கள் உங்களைப் போல இதுவா அதுவா என்று குழம்பவில்லை. வழிபாடு, ராணுவ விலக்கு, குடும்பத்துக்கு 65 தெசியாத்தின் (ரஷ்ய நில அளவு, ஒன்று சுமார் 2.7 ஏக்கர்) நிலம் எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்டார்கள். 1800-இல் பேரரசர் பால் தந்த சாசனத்தில் பீர் காய்ச்சும் உரிமைகூட இருந்தது. (தூது போன இருவரையும் பின்னாளில் சொந்த சபையே விலக்கிவைத்தது, ஹெப்னர் சிறைக்கும் போனார். உங்கள் கூட்டத்தில் முன்னால் நிற்கப்போவது நீங்கள்தான் என்றால் இதையும் மனதில் வையுங்கள்.)

அந்தச் சாசனம் என்றென்றைக்குமானது என்றார்கள். 1874-இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்துவிட்டது.

அது வரப்போகிறது என்று தெரிந்ததுமே, 1873-இல் பன்னிரண்டு பேர் வட அமெரிக்காவுக்குப் போய்ப் பார்த்தார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கனடாவின் வேளாண் துறைச் செயலர் ஜான் லோ, பிள்ளைகளை உங்கள் விருப்பப்படியே படிக்க வைக்கலாம், எந்தத் தடையும் இல்லை என்று கடிதம் கொடுத்தார். அதை நம்பி ஆயிரக்கணக்கானவர்கள் கனடாவின் மனிடோபா மாகாணத்துக்குக் கப்பலேறினார்கள். ஆனால் 1867-இன் அரசியல் சட்டப்படி கல்வி மாகாணங்களின் கையில். ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசுக்கு அந்த வாக்கைக் கொடுக்கும் அதிகாரமே இல்லை. அமைச்சரவை ஆணையில் அந்த வரியை 'சட்டம் அனுமதிக்கும்படி' என்று நைசாக மாற்றியும்விட்டார்கள். 1916-இல் மனிடோபா அரசு கட்டாயப் பள்ளிச் சட்டம் கொண்டுவந்தது, பிள்ளைகளை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் போட்டது. வழக்குக்குப் போனவர்களுக்கு, அந்த வாக்குறுதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அத்தனை கவனமாக விசாரித்தவர்கள், கையெழுத்துப் போடுகிறவருக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று கேட்காமல் விட்டுவிட்டார்கள்!

சரி, சூடுபட்ட பிறகாவது? மெக்சிகோ அதிபர் ஒப்ரெகோன் 1921-இல் அதேமாதிரி ஒரு கடிதம் தந்தார், 1922-இல் சிவாவா மாநிலத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். தொடக்கக் கல்வியில் மதம் கூடாது என்று 1917-இலேயே அந்த நாட்டு அரசியல் சட்டம் சொல்லியிருந்தது. அதிபரின் கடிதம் பெரிதா, அரசியல் சட்டம் பெரிதா? 1935-இல் அவர்களுடைய பள்ளிகளை மூடினார்கள், அப்புறம் திறக்கவிட்டார்கள்.

அதனால், வழிபாட்டுத்தலம் கட்டலாம் என்று உங்களுக்குச் சொன்னது யார்? சட்டமா, அமைச்சரா, நகராட்சியா, அல்லது கமிஷன் வாங்கும் ஏஜென்டா? அடுத்த தேர்தலுக்குப் பிறகும் அது நிற்குமா? அந்தப் பங்காளி விதியையும் இதே கேள்வியோடு பாருங்கள், திரும்பி வர நேர்ந்தால் பணத்தை முழுசாகக் கொண்டுவர முடியுமா என்பதையும் சேர்த்து. காதரீனின் அழைப்பிலேயே, ஐந்து வருடத்துக்குள் கிளம்புகிறவர் அங்கே சம்பாதித்ததில் ஐந்தில் ஒரு பங்கை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றிருந்தது. எத்தனை பேர் அதுவரை படித்தார்களோ.

பிள்ளைகள் படிப்பைக் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்களே, அதை எடுத்து முதலில் வையுங்கள். விசாரித்துவிட்டு எழுதுங்கள், கட்டாயம் பதில் போடுகிறேன். ஏஜென்ட் கொடுத்த வண்ணத் தாளை மட்டும் இனி எனக்கு அனுப்பாதீர்கள்.