நலமா என்று எப்போது கேட்பது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் ஆறு மாதமாக வேலை பார்க்கிறேன். ஜப்பானிய மொழித் தேர்வில் தொடக்க நிலையான என்-5 முடித்து, அடுத்த நிலையான என்-4க்குப் படிக்கிறேன். தினமும் காலையில் எங்கள் மேலாளரைப் பார்த்ததும் "ஒகெங்கி தெஸ் கா?" என்று நலம் கேட்பேன். அவர் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, "ஹாய், கெங்கி தெஸ்" (ஆமாம், நலம்தான்) என்று சொல்லிப் போவார். முகத்தில் ஏதோ குழப்பம் தெரியும். போன மாதம் மூன்று வாரம் ஜப்பான் போய்த் திரும்பியவர், அவராகவே என்னிடம் அதைக் கேட்டார். நான் "ஹாய், ஒகெங்கி தெஸ். அனாதா வா?" என்றேன். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அக்கா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கே தப்பு செய்தேன்?

க., ஸ்ரீபெரும்புதூர்

அன்புள்ள க.,

பாதிப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மேலாளர் உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது என்றைக்கு? மூன்று வாரம் கழித்துப் பார்த்த அன்று. ஜப்பானியர்கள் அதைக் கேட்பது அப்படிப்பட்ட நாளில்தான். கொஞ்ச நாள் பார்க்காதவரிடம் கேட்பார்கள், கடிதத்தில் எழுதுவார்கள். நேற்று மாலை வரை கூட இருந்தவரிடம் இன்று காலை கேட்டால், 'நான் உடம்பு சரியில்லாதவன் மாதிரி இருக்கிறேனோ' என்று அவர் யோசிக்கத்தான் செய்வார். நாமும் அம்மாவிடம் தினமும் காலையில் 'சௌக்கியமா' என்று கேட்பதில்லையே. இது ஆங்கிலத்தின் 'ஹவ் ஆர் யூ' நமக்குள் ஏற்றிவிட்ட பழக்கம்.

தினசரிக்கு "ஒஹாயோ கொஸாய்மஸ்" போதும். சீக்கிரம் என்று பொருள்படும் 'ஹாயாய்' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. அப்புறம் வானிலை பற்றி ஒரு வார்த்தை. "அத்சுயி தெஸ் நே" என்றால் 'வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல' என்று அர்த்தம். அந்த 'நே', நம் 'ல்ல'வேதான். எதிராளி "ஹொந்தோ நி" (ஆமாம், நிஜமாகவே) என்பார். ஜப்பானில் பாதி நல விசாரிப்பு இப்படி வெயிலையும் மழையையும் வைத்தே முடிந்துவிடும்.

நான் ஒசாகாவில் இருந்தபோது எதிர்வீட்டுப் பாட்டி காலை ஏழு மணிக்கு வாசல் பெருக்கிக்கொண்டிருப்பார். தன் வாசலை முடித்துவிட்டு, என் வாசலிலும் ஒரு முழம் சேர்த்துப் பெருக்குவார். நான் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டதும் துடைப்பத்தை நிறுத்திவிட்டு "ஒதெகாகே தெஸ் கா?" என்பார். 'வெளியே கிளம்பிட்டீங்களா?' என்பதுதான். முதல் நாள் நான் எந்த அலுவலகத்துக்கு, என்ன வேலையாகப் போகிறேன் என்று விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அந்தக் கேள்விக்கு எல்லோரும் சொல்லும் பதில் "ச்சொத்தோ, சோகோ மாதே" என்று பிறகுதான் தெரிந்தது. 'சும்மா, இங்கதான்.' நம் தெருவிலும் 'எங்க கிளம்பியாச்சு?' என்பதற்கு இதே பதில்தானே?

சரி, நீங்கள் சொன்ன பதிலுக்கு வருகிறேன். 'ஒகெங்கி'யின் முதல் 'ஒ' மரியாதைக்காகச் சேர்ப்பது. அடுத்தவர் நலத்துக்குத்தான் அது. நம் நலத்தைச் சொல்லும்போது எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நம் பெயரோடு நாமே 'அவர்கள்' போட்டுக்கொள்வது போல ஆகிவிடும். 'அனாதா' இன்னும் கொஞ்சம் சிக்கல். புத்தகம் 'நீங்கள்' என்று அர்த்தம் போட்டிருக்கும், ஆனால் மேலே இருப்பவரை அப்படி அழைப்பதில்லை. பெயரோடு 'சான்' சேர்க்கலாம், இல்லை பதவியைச் சொல்லலாம். நம் பள்ளிகளில் 'சார் எப்படி இருக்கீங்க' என்று கேட்பதில்லையா, அதே முறை. அவர் துறைத் தலைவர் என்றால் 'புச்சோ'. அன்றைக்கு இப்படிச் சொல்லியிருந்தால் அழகாக இருந்திருக்கும்: "ஒகாகெசாமா தே, கெங்கி தெஸ். புச்சோ மோ ஒகெங்கி சோ தே, நானி யோரி தெஸ்." இரண்டாவது வாக்கியத்துக்கு 'நீங்களும் நல்லா இருக்கிற மாதிரி தெரியுது, அதுவே போதும்' என்று பொருள். கேள்வியே வேண்டாம் பாருங்கள்.

முதலில் வரும் அந்த 'ஒகாகெசாமா தே'வை விட்டுவிடாதீர்கள். 'காகே' என்றால் நிழல். அதற்கு முன்னும் பின்னும் மரியாதை சேர்த்து, 'தங்கள் நிழலில்' என்கிறார்கள். கேட்டவர் நமக்கு எந்த உதவியும் செய்திருக்க வேண்டியதில்லை. நன்றாக இருக்கிறேன் என்றால் அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை, நாலு பேர் நிழலும் தெய்வத்தின் நிழலும் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிற சொல் அது. 'உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்' என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

ஒரு குளிர்காலம் நான் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தேன். கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது, உள்ளே ஐந்தாறு மிக்கான் ஆரஞ்சு. எழுந்து நடமாடியதும் பாட்டியிடம் போய் "ஒகாகெசாமா தே" என்றேன். அதுவரை அதைப் பாடமாகத்தான் சொல்லியிருந்தேன்.

ஊர் திரும்பிய பிறகு கோடையில் அவரிடமிருந்து அஞ்சலட்டை வரும். வெயில் உச்சத்தில் இருக்கும்போது நலம் கேட்டு எழுதுகிற வழக்கம் அங்கே உண்டு. ஆகஸ்ட் 7 வாக்கில் வரும் இலையுதிர்காலத் தொடக்க நாளுக்குள் எழுதினால் 'ஷோச்சூ மிமாய்', அதற்குப் பிறகு எழுதினால் 'சான்ஷோ மிமாய்', அதாவது மிச்சமிருக்கும் வெயிலுக்கான விசாரிப்பு. அவர் 'ஒகெங்கி'யை எழுத மாட்டார், "ஒகாவாரி அரிமாசேன் கா" என்று எழுதுவார். 'மாற்றம் ஏதும் இல்லையே?' வயதானவர் கையெழுத்தில் அந்த வரியைப் படிக்கும்போது மனம் என்னவோ செய்யும்.

உச்சரிப்பு பற்றி ஒன்று. 'கெங்கி'யின் 'கெ'யைக் கெட்டிமேளத்தில் வருவது போலவும், 'கி'யைப் 'பாக்கி'யில் வருவது போலவும் சொல்லுங்கள். தமிழ்ப் பழக்கத்தில் நாம் இரண்டையும் மாற்றிவிடுகிறோம்.

ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஒபோன் பண்டிகை வருகிறது. உங்கள் மேலாளர் ஊருக்குப் போனால், திரும்பி வந்த அன்று கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.