வயிற்றுக் கொழுப்பு கன்னத்தில் நிற்குமா?

கேள்வி: பைக் விபத்துக்குப் பிறகு இடது கன்னத்தில் குழி விழுந்துவிட்டது. வயிற்றுக் கொழுப்பை எடுத்து நிரப்பலாம் என்கிறார்கள். நிற்குமா, கரைந்துவிடுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: இரண்டும் நடக்கும். வைத்ததில் 30 முதல் 70 சதவீதம் வரை நிற்கும். மிச்சத்தை உடம்பு கரைத்துக்கொள்ளும்.

எடுத்த நொடியிலேயே கொழுப்புக்கு ரத்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. புது ரத்தக் குழாய் முளைக்கும்வரை பக்கத்துத் திசுவிலிருந்து கசிந்து வரும் பிராணவாயுதான் கதி. அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தாண்டி எட்டாது. மொத்தமாகக் குவித்தால் நடுவில் இருப்பது செத்து, எண்ணெய்க் கட்டியாகவோ சுண்ணாம்புக் கட்டியாகவோ மாறும். நாஞ்சில் நாட்டு வயலில் நாற்றுக் கட்டை அப்படியே ஊன்றுவோமா? பிரித்து, இடம்விட்டு நடுவோம். இங்கும் அதே கணக்கு.

முதலில், லிட்டருக்கு 1 மில்லி அட்ரினலின் கலந்த சலைனை மரத்துப்போகும் மருந்தோடு வயிற்றில் செலுத்தி, 10-15 நிமிடம் காத்திருப்பார்கள். ரத்தக் கசிவு குறையும். பிறகு 10 மில்லி சிரிஞ்சில் மெதுவாக உறிஞ்சுவார்கள். வேகமாக இழுத்தால் கொழுப்பு உயிரணு உடையும். அந்தச் சிரிஞ்சைச் சுழற்றினாலோ நிற்கவைத்தாலோ மேலே எண்ணெய், கீழே ரத்தமும் நீரும் பிரியும். நடு அடுக்கு மட்டுமே உதவும். அதை 1 மில்லி சிரிஞ்சில், முனை மழுங்கிய குழாயால், குழாயைப் பின்னால் இழுத்துக்கொண்டே ஒரு இழுப்புக்கு 0.1 மில்லிக்கும் குறைவாக வைக்க வேண்டும். கூர் ஊசியால் அழுத்திச் செலுத்தி, கொழுப்பு ரத்தக் குழாய்க்குள் போனால் பார்வையே பறிபோகலாம். புருவ நடுப்பகுதி இதில் மிக ஆபத்தானது.

முகம் மூடும் ஹெல்மெட்டின் பஞ்சு கன்னத்தை அழுத்தும். இரண்டு மூன்று வாரம் வண்டி ஓட்டாதீர்கள். தேங்காய் எண்ணெய் போட்டுத் தடவிவிடுவதும் வேண்டாம். பீடி, சிகரெட் இருந்தால் முன்னும் பின்னும் சில வாரம் நிறுத்தியே ஆக வேண்டும்.

கேள்வி: ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட் பட்டு முன்கையில் தழும்பு. தோல் கீழே ஒட்டி இறுகியிருக்கிறது. கொழுப்பு வைத்தால் மாறுமா?
– வாசகி, குலசேகரம்

பதில்: நிறம் பெரிதாக மாறாது. இறுக்கம் தளர வாய்ப்புண்டு. ஒட்டிய நார்களை ஊசி முனையால் அறுத்துவிட்டு, அந்த இடைவெளியில் கொஞ்சமாகக் கொழுப்பு வைப்பார்கள். தழும்பில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் ஒரே தடவையில் முடியாது. பட்டு ஒரு வருடமாவது ஆகி, தழும்பு முதிர்ந்திருப்பது நல்லது. மணிக்கட்டை மடக்க முடியாத அளவு இழுத்திருந்தால் கதை வேறு. முதலில் இழுப்பை விடுவிக்கும் அறுவை சிகிச்சை, தேவைப்பட்டால் தோல் ஒட்டு; கொழுப்பு அதற்குப் பிறகுதான்.

கேள்வி: கல்ஃபிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருக்கிறேன். கண்ணுக்குக் கீழ் உள்ள பள்ளத்தை இந்த லீவிலேயே முழுசாகச் சரிசெய்யலாமா?
– வாசகர், குளச்சல்

பதில்: தொடங்கலாம். முடிந்துவிட்டது என்று நினைத்து விமானம் ஏற முடியாது. முதல் இரண்டு வாரம் தெரிவது பாதி வீக்கம். எவ்வளவு நின்றது என்று சொல்ல மூன்று மாதமாவது வேண்டும். குறை இருந்தால் அடுத்த லீவில் இன்னொரு தடவை வைக்கலாம். மிச்சக் கொழுப்பை ஃப்ரீசரில் வைத்திருந்து போடுகிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உறைந்து உருகியதில் பெரும்பகுதி செத்த கொழுப்புதான். அங்கே போய்ப் பத்து கிலோ ஏறினால், வயிற்றிலிருந்து வந்த அந்தக் கொழுப்பும் கண்ணுக்குக் கீழே பருக்கும்.