தரமிறக்கத்தின் விளிம்பில் ஒரு கிளப்: மேனேஜரை இப்போதே மாற்றலாமா?

கேள்வி: லண்டனை அடுத்த பகுதியில், இங்கிலாந்துக் கால்பந்தின் ஏழாம் நிலையான இஸ்த்மியன் லீக் பிரிமியர் டிவிஷனில் ஆடும் ஒரு கால்பந்து கிளப்பின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். 18 ஆட்டங்களில் 3 வெற்றி, 5 சமன், 10 தோல்வி. 22 அணிகளில் 20ஆவது இடம்; இப்படியே முடிந்தால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். தோல்விகளில் ஏழு, ஒரே கோல் வித்தியாசத்தில் வந்தவை. எங்களுக்கு எதிராக விழுந்த 31 கோல்களில் 13, கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் விழுந்தவை. கோடையில் சம்பள பட்ஜெட்டைக் குறைத்தோம். முதன்மைத் தற்காப்பு வீரர் செப்டம்பரிலிருந்து காயத்தால் ஆடவில்லை. மேனேஜரையும் உதவியாளர்களையும் ஒட்டுமொத்தமாக மாற்ற வேண்டும் என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் தந்த விவரங்களை வைத்துப் பார்த்தால், மேனேஜரை இப்போது மாற்ற வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் அவருக்குத் துணையாக இருக்கும் பயிற்சிக் குழுவில் ஒரு மாற்றம் உடனடியாகத் தேவைப்படுகிறது.

புதியவர் வந்ததும் அணி இரண்டு ஆட்டங்களை வென்றுவிடுவதைப் பலரும் பார்த்திருக்கிறோம். அதை அவருடைய கைராசி என்று நம்பிவிடுகிறோம். நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல், அந்நாட்டின் முதல்நிலை லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த மாற்றங்களை ஆராய்ந்தபோது, அதே அளவு சரிவைச் சந்தித்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளோடு அவற்றை ஒப்பிட்டார். மாற்றிய அணிகள் மீண்டது உண்மைதான். மாற்றாத அணிகளும் ஏறத்தாழ அதே போல மீண்டிருந்தன. மிக மோசமான கட்டத்தில்தான் நிர்வாகங்கள் மாற்றத்தை நாடுகின்றன என்பதால், அதன் பிறகு தானாகவே வரக்கூடிய மீட்சியும் புதியவரின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

அது முழுநேரத் தொழில்முறை லீக்கின் கதை. உங்கள் நிலையில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இங்கிலாந்தின் மேல் நான்கு நிலைகளில் ஆடும் 92 லீக் கிளப்புகளுக்குக் கீழே, குறிப்பாக உங்கள் டிவிஷனிலும் அதற்கும் கீழேயும், ஒப்பந்தமில்லாமல் ஆடும் வீரர்கள் ஏராளம். அப்படிப்பட்ட ஒருவரை அழைக்க விரும்பும் கிளப், உங்களுக்கு ஏழு நாள் எழுத்துமூல முன்னறிவிப்பு தந்தால் போதும். ஒரு பென்னிகூடக் கொடுக்காமல் அவரை அழைத்துக்கொண்டு போகலாம். இந்த வீரர்களில் பலர் கிளப்பை நம்பி வந்தவர்கள் அல்லர். மேனேஜரின் தொலைபேசி அழைப்பை நம்பி வந்தவர்கள். அவரை அனுப்பிவிட்டு இரண்டு வாரத்தில் அணியில் பாதியை இழந்த கிளப்புகள் இந்த மட்டத்தில் உண்டு. ஆகவே முதல் வேலையாக, யார் யார் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள், யாரை மேனேஜரே நேரில் அழைத்துவந்தார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

அடுத்து, எஞ்சிய 24 ஆட்டங்களின் கணக்கு. கடந்த சில பருவங்களில் உங்கள் டிவிஷனில் 18ஆவதாக, அதாவது தரமிறக்கத்திலிருந்து தப்பும் கடைசி இடத்தில், முடித்த அணியின் புள்ளிகளை எடுங்கள் (பெருந்தொற்றால் பாதியில் நின்ற 2019-20, 2020-21 பருவங்களை விட்டுவிடுங்கள்). அதில் உங்களுடைய 14 புள்ளிகளைக் கழித்து 24ஆல் வகுங்கள். விடை ஒன்றேகால் புள்ளிக்குள் இருந்தால், இருக்கும் அணியைச் சீர்செய்தே தப்பிக்க வாய்ப்புண்டு. ஒன்றரையைத் தாண்டினால், யார் மேனேஜராக இருந்தாலும் புதிய வீரர்கள் இல்லாமல் முடியாது. அப்போது பேச்சு பட்ஜெட்டுக்குத் திரும்பும். பட்ஜெட்டைக் குறைத்த குழுவே பலனைக் கேட்டு மேனேஜரை நிற்கவைப்பதில் உள்ள சங்கடத்தையும் கூட்டத்தில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் எண்களில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த 13தான். ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட கோல்கள் நின்ற பந்திலிருந்து விழுகின்றன. ஏழு ஆட்டங்கள் ஒரே கோலில் கைநழுவியிருக்கின்றன. முதன்மைத் தற்காப்பு வீரர் இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம். பயிற்சியின்மை இன்னொன்றாக இருக்கலாம். எது என்று அறிய, ஒரு செவ்வாய் மாலை ஏழரை மணிக்குப் பயிற்சி மைதானத்தின் ஓரத்தில் போய் நில்லுங்கள். வேலை முடிந்து எத்தனை பேர் வந்து சேர்கிறார்கள், வராதவர்கள் முன்கூட்டியே சொன்னார்களா, செயற்கைப் புல்தரையின் மறுபாதியில் சிறுவர் அணி ஆடிக்கொண்டிருக்க, கிடைத்த பாதியில் கார்னர் தடுப்புக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார்கள், அருகிலிருக்கும் கோல் போஸ்ட்டைக் காப்பவர் யார் என்று மூன்று வீரர்களைக் கேட்டால் மூவரும் ஒரே பெயரைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால், தற்காப்பில் ஆடி ஓய்வுபெற்ற ஒருவரைப் பகுதிநேரப் பயிற்சியாளராகச் சேர்த்து, வியாழக்கிழமைப் பயிற்சியில் ஒரு பகுதியை அவரிடம் விடுங்கள். மேனேஜர் இதற்கே மறுத்தால், அது உங்களுக்கு வேறொரு தகவலைத் தருகிறது.

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2009இல், உங்கள் டிவிஷனுக்கு இரண்டு படி மேலே உள்ள ஐந்தாம் நிலைக்கு இறங்கிய லூட்டன் டவுன், மிக் ஹார்ஃபோர்ட், ரிச்சர்ட் மனி, கேரி பிராபின், பால் பக்கிள் என்று நால்வரை அடுத்தடுத்து மாற்றியும் மேலே வர முடியவில்லை. 2013 பிப்ரவரியில் வந்த ஜான் ஸ்டில் அடுத்த ஆண்டே அணியை மேலேற்றினார். டாகன்ஹாம் அண்ட் ரெட்பிரிட்ஜை 2007இல் அதே ஐந்தாம் நிலையிலிருந்து ஏற்றிவிட்ட அனுபவம் அவருக்கு இருந்தது. மாறாக கிரிம்ஸ்பி டவுன், பால் ஹர்ஸ்டின் கீழ் 2013, 2014, 2015 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, மேலேறும் இடத்துக்கான பிளே-ஆஃப் ஆட்டங்களில் தோற்றும் அவரை வைத்திருந்து 2016இல் ஏறியது. இரண்டும் உங்களைவிடப் பெரிய கிளப்புகள், தரமிறக்க பயமும் அவற்றுக்கு இல்லை. ஆனாலும் இந்த மட்டத்தை அறிந்த ஆள் கையில் இல்லாமல் மாற்றத்தைத் தொடங்கக் கூடாது என்பதற்கு லூட்டன் போதும்.

வீரர்கள் பயிற்சிக்கு வருவதை நிறுத்துகிறார்கள், தோல்வி ஒரு கோலிலிருந்து மூன்று, நான்கு கோலாக விரிகிறது, மேனேஜரே உதவியாளர்களோடு பேசுவதில்லை என்ற நிலை வந்தால் தயங்காமல் மாற்றுங்கள். அதையும் கிறிஸ்துமஸை ஒட்டிய வாரங்களுக்குள் செய்யுங்கள். பெரிய லீக்குகளைப் போல ஜனவரியோடு கதவு மூடுவதில்லை, மார்ச் பிற்பகுதி வரை வீரர்களைப் பதிவுசெய்யலாம் என்றாலும், மார்ச்சில் வருபவருக்கு அணியைக் கட்ட நேரமிருக்காது. உதவியாளர்கள் அனைவரையும் ஒரே நாளில் அனுப்பாமல், வீரர்கள் மதிக்கும் ஒருவரை இடைக்காலப் பொறுப்பில் வையுங்கள். கடிதம் எழுதுமுன் ஒவ்வொருவரின் ஒப்பந்தத்தையும் படியுங்கள்: ஊழியராக ஒரு மாதம் பணியாற்றியவருக்குச் சட்டப்படி குறைந்தது ஒரு வார முன்னறிவிப்பு உண்டு, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுக்கு ஒரு வாரம் வீதம் பன்னிரண்டு வாரம் வரை கூடும், ஒப்பந்தத்தில் அதைவிட அதிகம் எழுதியிருந்தால் அதையே கொடுக்க வேண்டும். அந்தத் தொகையை, ஒரு நல்ல தற்காப்பு வீரருக்குப் பருவ முடிவு வரை ஆகும் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் குழுவில் வாக்கெடுப்புக்குப் போங்கள்.