525 மடங்கு என்று பெட்டியில் போட்டிருந்ததே?

போன மாதம் தொலைநோக்கி பற்றி நாலு வரி எழுதியதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. முகவுரை, நலம் விசாரிப்பு எல்லாம் வெட்டிவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

பையனுக்காக ஆன்லைனில் 76/700 ரிஃப்ளெக்டர் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கிற தொலைநோக்கி) வாங்கினேன், 8,500 ரூபாய். பெட்டியில் 525 மடங்கு என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்த அளவுக்கு வைத்தால் சனி கிரகம் மங்கிப்போய் ஆடுகிறது. பழுதான பொருளைத் தள்ளிவிட்டார்களா சார்? (மதுரை)

பொருளில் பழுதில்லை. பெட்டிதான் புளுகுகிறது.

76 என்பது கண்ணாடியின் விட்டம், 700 என்பது குவியத் தொலைவு, இரண்டும் மில்லிமீட்டரில். குவியத் தொலைவை, கண் வைத்துப் பார்க்கிற வில்லையான ஐபீஸின் அளவால் வகுத்தால் உருப்பெருக்கம் வந்துவிடும். உங்கள் பெட்டியில் ஒரு 4 மி.மீ. ஐபீஸ் இருக்கும்: 700 வகுத்தல் 4, ஆக 175. கூடவே மூன்று மடங்காக்கும் பிளாஸ்டிக் பார்லோ (ஐபீஸுக்கு முன் செருகும் வில்லை) ஒன்று: 175 பெருக்கல் 3, ஆக 525. கணக்கு சரிதான், கண்ணுக்குத்தான் ஒன்றும் தெரியாது. 114/900 வாங்கியவர்கள் பெட்டியில் 675 என்று இருக்கும். அதுவும் இதே வித்தைதான், 900-ஐ வைத்துப் போட்டுப் பாருங்கள்.

கண்ணாடி எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல இரண்டு மடங்குதான் உருப்பெருக்கத்தின் உச்சம். 76-க்கு 150 சொச்சம். அதுவும் காற்று அசையாமல் நிற்கிற ராத்திரியில். அதற்கு மேல் போனால் படம்தான் பெரிதாகும், விவரம் கூடாது. கண்ணாடி வாங்கிய வெளிச்சம் அவ்வளவுதான், அதை எவ்வளவு பரப்பினால் அவ்வளவு இருட்டு. 35 மடங்கிலிருந்து 525-க்குப் போனால் படம் 225-இல் ஒரு பங்கு வெளிச்சத்துக்கு இறங்கிவிடும். பூமி வேறு சுற்றுகிறது. அந்த உருப்பெருக்கத்தில் கிரகம் இருபது நொடிக்குள் பார்வையை விட்டு ஓடிவிடும். துரத்திப் பிடிக்கக் கையை வைத்தால் ஸ்டாண்ட் ஆடும். விற்கிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. விட்டத்தைச் சின்ன எழுத்தில் போட்டு உருப்பெருக்கத்தைப் பெரிதாகப் போடுவது, வாங்குகிறவர் எந்த எண்ணைப் பார்ப்பார் என்று தெரிந்து செய்கிற வேலை. இப்படிப்பட்ட பார்லோ ஒன்று என் அலமாரியிலும் தூங்குகிறது, காசு கொடுத்து வாங்கியதுதான்.

இனி செய்ய வேண்டியது: பார்லோவையும் 4 மி.மீ.-யையும் பெட்டியிலேயே வையுங்கள். 20 மி.மீ. ஐபீஸைப் போடுங்கள், 35 மடங்கு. நிலவின் பள்ளங்கள், வியாழனின் நாலு நிலவுகள், குட்டியாக ஆனால் தெளிவாகச் சனியின் வளையம் எல்லாம் அதிலேயே உண்டு. (2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நின்றது, அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு விரிந்து வருகிறது.) பிறகு 10 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 70 மடங்கு கிடைக்கும். வாங்குமுன் ஐபீஸைச் செருகுகிற ஃபோகஸர் துளையை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 31.7 மி.மீ. என்றால் கடையில் கிடைக்கிற எதுவும் பொருந்தும். 24.5 என்றால் பழைய அளவு, அதற்கு நல்ல ஐபீஸ் கிடைப்பது கஷ்டம்.

20,000 ரூபாய் வரை போகலாம். 114/900, ஈக்வடோரியல் ஸ்டாண்டோடு ஒன்று. 130/650, மேசைமேல் வைக்கிற டாப்சோனியன் ஒன்று. எதை எடுக்க? முதல் தொலைநோக்கி. நாகர்கோவில் மொட்டை மாடி. (நாகர்கோவில்)

விட்டம், விலை, ஊர் மூன்றையும் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள், கும்பிடு. 130-ஐ எடுங்கள்.

114-ஐவிட 130 ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகமாக வெளிச்சம் வாங்கும். ஆனால் நான் அதைச் சொல்வதற்குக் காரணம் ஸ்டாண்ட். ஈக்வடோரியல் ஸ்டாண்டின் ஓர் அச்சை துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். சென்னையில் அது அடிவானிலிருந்து 13 டிகிரி, உங்கள் ஊரில் எட்டேதான். தென்னந்தோப்புக்கும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் பின்னால் போய்விடும். அச்சை அவ்வளவு தாழ்த்தினால் சில ஸ்டாண்டுகளில் எடைக்கல் மாட்டிய கம்பி ட்ரைபாட் காலில் இடிக்கும். இந்த விலைக்கு வருகிற ஈக்வடோரியலில் கால்கள் மெல்லிய அலுமினியம், ஃபோகஸைத் தொட்டாலே படம் துள்ளும். டாப்சோனியனில் இந்த வம்பே இல்லை: மேலே கீழே, இடம் வலம், அவ்வளவுதான். அமெரிக்காவில் தெருவோரத்தில் நிறுத்தி வழிப்போக்கர்களுக்கு வானம் காட்டிய ஜான் டாப்சன் பிரபலமாக்கிய அமைப்பு அது.

130-இல் குறை இல்லாமல் இல்லை. கண்ணாடி பரவளைய வடிவம், அதாவது பாரபோலிக், என்று விவரத்தில் எழுதியிருக்க வேண்டும். 900 மி.மீ. குவியத் தொலைவு கொண்ட 114-க்கு சாதாரணக் கோள வளைவே போதும். குவியத் தொலைவு 650, விட்டம் 130 என்றால் அது போதாது, நட்சத்திரம் ஒருபோதும் புள்ளியாகக் குவியாது. கண்ணாடிகளை அடிக்கடி நேர்ப்படுத்தவும் வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்தால் ஆடும். கனமான மர முக்காலியோ, கைப்பிடிச் சுவரோரம் சிமென்ட் திண்டோ பாருங்கள்.

தெற்கே இருப்பதில் உங்களுக்கு ஒரு லாபம். ஐரோப்பாவில் பெரும்பாலோர் பார்க்கவே முடியாத ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து ஏப்ரல், மே ராத்திரிகளில் உங்களுக்கு நன்றாக மேலே வரும். 130-இல் அது உப்பைக் கொட்டின மாதிரி இருக்கும்.

கடலில் கப்பல் தலைகீழாகத் தெரிகிறது. மாற்றிக் கொடுப்பார்களா? (தூத்துக்குடி)

மாட்டார்கள். ரிஃப்ளெக்டரில் எல்லாமே தலைகீழ்தான். கப்பலுக்கு பைனாகுலர் வாங்கியிருக்க வேண்டும்.

கையில் தூக்கிப் போகலாமே என்று குட்டைக் குழாயாகப் பார்த்து 114/1000 வாங்கினேன். நிலவு பரவாயில்லை. 100 மடங்குக்கு மேல் போனால் எதுவுமே கூர்மையாக வரவில்லை. (கோவை)

குழாயை அளந்து பாருங்கள். அரை மீட்டர்கூட இருக்காது. குவியத் தொலைவு ஒரு மீட்டர், குழாய் அதில் பாதி, எப்படி? ஃபோகஸருக்குள் ஒரு வில்லையை ஒளித்து வைத்து நீளத்தைக் கூட்டியிருக்கிறார்கள். பேர்ட்-ஜோன்ஸ் என்று பெயர். நன்றாகச் செய்தால் நல்ல வடிவமைப்புதான். இந்த விலையில் நன்றாகச் செய்வதில்லை. அந்த வில்லை நடுவில் நிற்பதால் நேர்ப்படுத்தும் வேலையும் இரட்டிப்புச் சிரமம். 25 மி.மீ. ஐபீஸ் வைத்து 40 மடங்கில் நிலவும் வியாழனும் பாருங்கள், அதில் ஏமாற்றாது. விற்கிறவர் விவரப் பக்கத்தில் இதைச் சொல்லவில்லை என்பது உங்கள் தவறில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: குழாயின் நீளம் குவியத் தொலைவில் பாதிக்குப் பக்கம் என்றால் ரிஃப்ளெக்டரில் கை வைக்காதீர்கள்.

ஐபீஸில் திருகிக்கொள்ள 'சன்' என்று எழுதிய கறுப்புக் கண்ணாடி ஒன்று இலவசமாக வந்தது. கிரகணத்துக்குப் பயன்படுத்தலாமா? (சேலம்)

இன்றே சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூரிய வெப்பம் முழுதும் குவிகிற இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. விரிசல் விட்டால் நீங்கள் கண்ணை எடுப்பதற்குள் பார்வை போய்விடும், விழித்திரைக்கு வலியும் தெரியாது. சூரியனுக்கு வடிகட்டி குழாயின் முன்வாயை முழுதும் மூட வேண்டும், அதற்கென்றே செய்த சோலார் ஃபிலிமாக இருக்க வேண்டும். குறிபார்க்கிற சின்னத் தொலைநோக்கியான பைண்டரையும் மூடிவிட வேண்டும்.

கண்ணாடியில் தூசி இருந்தது. கண்ணாடி துடைக்கிற நீல நீர் தெளித்து, பனியனால் நன்றாகத் தேய்த்தேன். இப்போது வட்டவட்டமாகக் கோடு. என்ன செய்வது? (ஈரோடு)

அது முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை ஐயா. அதில் பூச்சு பின்னால் இருக்கும், இதில் முன்னால். அலுமினியப் பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. தூசியை வைத்துத் தேய்த்தால் உப்புத்தாள் போடுவது மாதிரி. கோடுகளை இனி எடுக்க முடியாது. மெல்லிய கோடு என்றால் படம் கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான், பயன்படுத்துங்கள்.

மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். தூசி கொஞ்சம் இருந்தால் விட்டுவிடுங்கள், படத்தில் தெரியாது. டார்ச் அடித்துப் பார்த்தால் புதுக் கண்ணாடிகூட அழுக்காகத்தான் தெரியும். கழுவியே தீர வேண்டும் என்றால்: பின்மூடியோடு கண்ணாடியைக் கழற்றுங்கள், முன்னதாக மூடியிலும் குழாயிலும் பென்சிலால் ஒரே கோடு போட்டுக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிமேல் மெல்ல ஓடவிடுங்கள். பாத்திரம் துலக்கும் லிக்விட் இரண்டு சொட்டு கலந்த நீரில் பத்து நிமிடம் ஊறட்டும். ஈரப் பஞ்சை அழுத்தாமல், அதன் எடையிலேயே ஒரு தடவை இழுத்துவிட்டு அந்தப் பஞ்சை எறியுங்கள். கடைசி அலசலுக்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர். செங்குத்தாகச் சாய்த்துக் காயவிடுங்கள், துடைக்கக் கூடாது.

பார்சலைப் பிரிக்கும்போதே கண்ணாடி மூலையில் சிப்பு, ஃபோகஸர் வளைந்திருந்தது. வெளியூரில் இருந்ததால் ஒன்பதாம் நாள்தான் பிரித்தேன். ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்று விற்றவர் கைவிரிக்கிறார். ஓய்வூதியத்தில் சேர்த்த பணம். (தஞ்சாவூர்)

விடாதீர்கள். ஏழு நாள் என்பது அவர்கள் போட்ட கெடு. பழுதான பொருளைத் திரும்ப வாங்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-இன் மின் வணிக விதிகள் சொல்கின்றன. சிப்பு, வளைவு, பெட்டியின் ஆறு பக்கம், பார்சல் சீட்டு எல்லாவற்றையும் இப்போதே படம் எடுங்கள். தளத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தொலைபேசியில் பேசியது கணக்கில் வராது. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் பதிவு எண் வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுவரை அவகாசம் உண்டு. உடைந்ததை உங்கள் செலவில் சரிசெய்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

நட்சத்திரம் எல்லாம் ஒரு பக்கம் வால் முளைத்த மாதிரி தெரிகிறது. (வேலூர்)

கண்ணாடிகள் நேர்க்கோட்டில் இல்லை. கூரியரில் குலுங்கி வந்த ரிஃப்ளெக்டர்கள் பலவற்றுக்கு இதே கதிதான். லேசர் கருவி வாங்க ஓடாதீர்கள். மலிவான லேசரையே முதலில் நேர்ப்படுத்த வேண்டியிருக்கும், அந்தப் பாடம் எனக்குக் காசு செலவழித்துக் கிடைத்தது. ஃபோகஸர் மூடியின் நட்டநடுவில் 2 மி.மீ. துளை போடுங்கள், அது போதும்.

பகலில், குழாயைப் படுக்கையாக வைத்து வேலை செய்யுங்கள். நிமிர்த்தி வைத்தால் நழுவுகிற திருப்புளி நேரே பெரிய கண்ணாடியில்தான் விழும். துளை வழியே பாருங்கள். முன்னால் இருக்கிற சின்னக் கண்ணாடியின் மூன்று திருகுகளைத் திருப்பி, பெரிய கண்ணாடியைப் பிடித்திருக்கிற கவ்விகள் எல்லாம் அதில் தெரியும்படி செய்யுங்கள். ஒரு திருகைத் தளர்த்திய பிறகே மற்றதை இறுக்க வேண்டும், அதுவும் கால் சுற்றுக்கு மேல் கூடாது. அடுத்து குழாயின் பின்பக்கத் திருகுகள்: துளையின் பிம்பம் நடுவுக்கு வரும்வரை. ராத்திரி உச்சி வானத்தில் ஒரு நட்சத்திரத்தை ஃபோகஸை விட்டுக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று சம இடைவெளியில் இருந்தால் முடிந்தது. முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும், அப்புறம் ஐந்து நிமிடம்.

ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் பெட்டிப் படத்தில் ஊதாவும் சிவப்புமாக இருக்கிறதே, எனக்கு ஏன் சாம்பல் நிறத் திட்டு? (சென்னை)

பெட்டியில் இருப்பது மணிக்கணக்கில் கேமரா சேர்த்த வெளிச்சம். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. சென்னையின் விளக்குகளுக்கு நடுவே அந்தத் திட்டாவது தெரிந்ததற்குச் சந்தோஷப்படுங்கள். ஜவ்வாது மலைப் பக்கம் ஓர் அமாவாசைக்குப் போய்ப் பாருங்கள். அங்குள்ள காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டுபோய் வைத்தது சும்மா இல்லை. அதுவும் ரிஃப்ளெக்டர்தான்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மாடியில் வைத்தால் வியாழன் கொதிக்கிற மாதிரி தெரிகிறது. (திருச்சி)

கொதிப்பது உங்கள் மாடி. வெயில் குடித்த சிமென்ட் தளம் ராத்திரி வெகுநேரம் அனல் கக்கும். தொலைநோக்கியை முக்கால் மணி நேரம் முன்னதாக வெளியே வைத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் பாருங்கள்.

எந்தத் தொலைநோக்கி நல்லது? (ஊர் பெயர் இல்லை)

விலை, இடம், என்ன பார்க்க ஆசை எதையும் எழுதவில்லை. எழுதி அனுப்புங்கள், சொல்கிறேன்.