பிரசவம் நடுவில் நின்றுபோனால்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அக்காவுக்கு இரண்டு நாள் வலிக்குப் பிறகு சிசேரியன். இப்போது ஒரு வாரமாகச் சிறுநீர் தானாக ஒழுகிக்கொண்டே இருக்கிறது. உடம்பு தேறினால் நின்றுவிடும் என்கிறார் அத்தை.

பதில்: நிற்காதும்மா, நாளைக்கே மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். குழந்தையின் தலை இடுப்பெலும்பில் சிக்கி மணிக்கணக்கில் நின்றால், நடுவில் நசுங்கும் மூத்திரப்பைச் சுவர் ரத்தம் கிடைக்காமல் அழுகிவிடும். அந்தச் சதை உதிரச் சில நாள் ஆகும், அதனால்தான் பிரசவத்தன்று ஒன்றும் தெரியாமல் மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று ஒழுக ஆரம்பிக்கிறது. இப்படி விழும் ஓட்டைக்குப் பெயர் ஃபிஸ்டுலா. ஆபரேஷனில் பட்ட காயமாகவும் இருக்கலாம், பரிசோதித்தால்தான் தெரியும். ஓட்டை சிறியதென்றால், உடனே ட்யூப் போட்டு மூத்திரப்பையைச் சில வாரம் காலியாகவே வைத்தால் சிலருக்குத் தானாக மூடிக்கொள்ளும். தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும், அப்புறம் ஆபரேஷன்தான். ஒழுகுகிறதே என்று அக்கா தண்ணீரைக் குறைப்பார், விடாதீர்கள். சிறுநீர் கெட்டியானால் தொடையெல்லாம் புண்ணாகும். பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடக்கிறாரா என்றும் பாருங்கள், அதே அழுத்தம் கால் நரம்பையும் கெடுக்கும்.

கேள்வி: என் உயரம் நாலடி ஒன்பது அங்குலம். சிசேரியன்தானா?

பதில்: உயரத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. வலி வந்தபின் கர்ப்பவாய் திறக்கிறதா, தலை இறங்குகிறதா என்று பார்த்துச் சார்ட்டில் குறிப்பார்கள். சிசேரியன் வசதி உள்ள இடத்தில் பிரசவம் பாருங்கள்.

கேள்வி: ஃபிஸ்டுலா ஆப்பிரிக்க நோய்தானே?

பதில்: சிசேரியன் எட்டாத எந்த ஊரிலும் வரும். மருத்துவர்களான ஹாம்லின் தம்பதி 1974இல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் இதற்கென்றே மருத்துவமனை திறந்தார்கள் என்றால், அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1855இல், நியூயார்க்கில் மரியன் சிம்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கிய பெண்கள் மருத்துவமனையிலும் இதே நோயாளிகள்தான்.

கேள்வி: அந்தச் சிம்ஸைப் போய்ப் பாராட்டுகிறீர்களா?

பதில்: பாராட்டவில்லை. அமெரிக்காவின் அலபாமாவில் அடிமைப் பெண்களை மயக்க மருந்தில்லாமல் அறுத்துத்தான் அவர் இந்த ஆபரேஷனைக் கற்றார். அனார்க்கா என்ற பெண்ணை மட்டும் முப்பது முறை.

கேள்வி: அந்தக் காலத்து வழக்கம் அது. அவர் இல்லாவிட்டால் சிகிச்சையே இல்லையே?

பதில்: வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்தப் பெண்களுக்கு இல்லை. எந்தக் காலமானாலும் அதை நான் நியாயம் என்று சொல்லமாட்டேன். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலிருந்து 2018இல் அவர் சிலையை எடுத்தது சரிதான்.

கேள்வி: நான் ஐந்தடிக்கும் குறைவு, சுகப்பிரசவம் ஆகுமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன், படியுங்கள்.

கேள்வி: வலி குறைந்தால் வீட்டிலேயே வலி வரவைக்கும் ஊசி போட்டு, வயிற்றை அழுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது! தலை சிக்கியிருக்கும்போது ஊசி போட்டால் கர்ப்பப்பை கிழியும், தாயும் பிள்ளையும் போய்விடுவார்கள். 108ஐக் கூப்பிடுங்கள். வயிற்றில் யாரும் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: ஃபிஸ்டுலா சரியானபின் அடுத்த குழந்தை?

பதில்: பெற்றுக்கொள்ளலாம். ஆனால் வலி வரும் முன்பே தேதி குறித்துச் சிசேரியன்.