யூஸ்நெட் இரவில் மட்டும் ஊர்கிறது: புரொவைடரை மாற்றுவதா, நெட் கம்பெனியை மாற்றுவதா?

கேட்டவரின் நிலைமை இதுதான்: 100 எம்பிபிஎஸ் ஃபைபர், யூஸ்நெட் (குழு குழுவாகப் பதிவுகளும் ஃபைல்களும் சர்வர்களில் கிடக்கும் பழைய இன்டர்நெட் அரங்கம்) சந்தா எடுத்து இரண்டு மாதம், இரவு எட்டு மணிக்கு மேல் டவுன்லோடு நொடிக்கு 1 மெகாபைட்டைத் தொடுவதில்லை, ஸ்பீட் டெஸ்ட் போட்டால் மட்டும் 95 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட 12 மெகாபைட், காட்டுகிறது. நெட் கம்பெனி த்ராட்டில் செய்கிறதா, அதாவது வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கிறதா, வேறு எந்த யூஸ்நெட் புரொவைடருக்கு (சந்தா வாங்கிக்கொண்டு சர்வரைத் திறந்துவிடுபவர்) போகலாம் என்று கேட்டிருக்கிறார்.

2021இல் இதே கேள்வியை நான் எங்கள் வீட்டு வாசலில் நின்ற டெக்னீஷியன் பையனிடம் கத்திக் கேட்டேன். பாதி தப்பு என் மேல் என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதலில், "யூஸ்நெட்டா, திருட்டுப் படம் இறக்கத்தானே?" என்று கமெண்ட் போட விரல் துடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் 1996இல் அமெரிக்காவில் படித்தபோது பல்கலைக்கழக லேபில் உட்கார்ந்து சாக்.கல்ச்சர்.தமிழ் குழுவில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்ச் சண்டை போட்டவன். அப்போது எங்களுக்குப் புரொவைடரே தேவைப்படவில்லை. பல்கலைக்கழக சர்வரில் எல்லாம் சும்மா கிடைத்தது. இப்போது நான் இறக்குவது பெரும்பாலும் 1940களின் அமெரிக்க ரேடியோ நாடகங்கள். அதற்கென்றே ஆல்ட்.பைனரீஸ்.சவுண்ட்ஸ்.ரேடியோ.ஓல்ட்டைம் என்று ஒரு குழு இருக்கிறது. என் மனைவிக்கே இந்தப் பைத்தியம் புரியவில்லை, உங்களுக்குப் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் திருடன் என்று சொல்லாதீர்கள். கஸ்டமர் கேரில் ஒரு பெண் அதைத்தான் கேட்டார்: "சார், டொரண்ட்ல படம் டவுன்லோட் பண்றீங்களா? அதனாலதான் ஸ்லோ ஆகுது." டொரண்டில் ஆளுக்கு ஆள் பகிர்வது, யூஸ்நெட்டில் சர்வரிலிருந்து எடுப்பது, இரண்டும் வேறு என்று நான் விளக்க ஆரம்பித்ததும் ஹோல்டில் போட்டார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

சரி, டெக்னீஷியன் வந்தார். போனை எடுத்து ஸ்பீட் டெஸ்ட் போட்டு, "95 வருது பாருங்க சார்" என்றார். நான் கத்தினேன். அந்த டெஸ்ட் பக்கத்தில் இருக்கும் சர்வரைத்தான் தானாகத் தேர்ந்தெடுக்கும். பல சமயம் அது அதே கம்பெனியின் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும். கோயம்புத்தூருக்குள் ரோடு காலியாக இருப்பதை வைத்து அமெரிக்கா வரைக்கும் காலி என்று சொல்ல முடியுமா? இதில் நான் சொன்னது சரிதான். இப்போதும் அதையே சொல்வேன்.

ஆனால் அன்று ராத்திரி கோபத்தில், நானே நிரூபிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். எனக்கு முன்மாதிரி ராப் டோபோல்ஸ்கி. 2007இல் காம்காஸ்ட் என்ற அமெரிக்க நெட் கம்பெனியின் வேலையைப் பிடித்துக் கொடுத்த மனிதர். வாத்தியம் இல்லாமல் நாலு பேர் சேர்ந்து பாடும் பழைய பார்பர்ஷாப் பாடல்களைப் பிட்டொரண்டில் பகிர்ந்துகொண்டிருந்தவர், தன் இணைப்புகள் ஏன் அறுகின்றன என்று நெட்டில் போகும் தகவல் துண்டுகளைப் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துப் பார்த்தார். கம்பெனி நடுவில் நின்று இரண்டு பக்கமும் "எதிராளி போனை வைத்துவிட்டார்" என்கிற மாதிரி பொய்ப் பொட்டலங்களை அனுப்பிக்கொண்டிருந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அதைச் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்டது எது தெரியுமா? கிங் ஜேம்ஸ் பைபிள், பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு, திருட்டுச் சரக்கே அல்ல. அதுவும் தடைபட்டது. 2008 ஆகஸ்டில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி காம்காஸ்ட்டுக்கு எதிராக உத்தரவு போட்டது, 2010 ஏப்ரலில் கோர்ட் அந்த உத்தரவையே ரத்து செய்துவிட்டது, அது தனிக்கதை. கஸ்டமர் கேர் பெண்ணிடம் பைபிள் கதையைச் சொல்ல ரொம்ப ஆசை. ஹோல்டில் போட்டுவிட்டாரே.

நான் பார்த்தது இது. என் சாஃப்ட்வேரில் பழைய பழக்கத்தில் 119ஆம் போர்ட் (சர்வரில் நுழையும் கதவு எண்) போட்டு வைத்திருந்தேன். அது மறைகுறியாக்கம் இல்லாத வழி, உள்ளே போவது என்ன என்று நடுவில் இருப்பவன் யாரும் பார்க்கலாம். இரவில் அதில் வேகத்தின் கிராப் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நொடிக்கு 250 கிலோபைட்டில் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நெரிசல் அப்படி இருக்காது, பல் பல்லாக ஏறி இறங்கும். 563ஆம் போர்ட்டுக்கு மாற்றி எஸ்எஸ்எல் மறைகுறியாக்கம் போட்டதும் கோடு உடைந்தது, 1 மெகாபைட், 1.3, 0.7 என்று ஆட ஆரம்பித்தது. ஆக, 119இல் யாரோ கை வைத்திருந்தார்கள் என்பது என் முடிவு. கோர்ட்டில் நிற்குமா என்று கேட்காதீர்கள், நிற்காது.

அப்படியும் 1 மெகாபைட்தானே? 12 வர வேண்டிய இடம். உடனே விபிஎன் (எல்லாவற்றையும் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் ஏற்பாடு) போட்டேன், 6 வந்தது. "பார்த்தாயா, த்ராட்டிலிங்!" என்று துள்ளினேன். இங்கேதான் நான் ஏமாந்தேன், இங்கே பதில் எழுதும் பாதிப்பேரும் ஏமாறுகிறார்கள். விபிஎன் பொட்டலத்தை மறைப்பதோடு நிற்பதில்லை, பாதையையே மாற்றிவிடுகிறது. பழைய பாதை நெரிசலாக இருந்து புதிய பாதை காலியாக இருந்தாலும் வேகம் கூடும். விபிஎன்னில் வேகம் வந்தது என்பதை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளியாக்க முடியாது.

உண்மையான குற்றவாளி என் செட்டிங்ஸ். வருடக்கணக்கில் அமெரிக்க சர்வரின் முகவரியைப் போட்டு, ஒரே நேரத்தில் சர்வரோடு 8 இணைப்பு வைத்திருந்தேன். இங்கிருந்து அங்கே போய் வர கால் நொடி. என் புரொவைடருக்கு நெதர்லாந்திலும் சர்வர் உண்டு, அதற்கு 160 மில்லிசெகண்டு சொச்சம். அனுப்புகிறவன் "வந்து சேர்ந்தது" என்ற பதில் வரும்வரை ஓரளவுக்கு மேல் சரக்கை ரோட்டில் விடமாட்டான். தூரம் கூடினால் ஒரு இணைப்பின் வேகம் குறையும். பகலில் பரவாயில்லை. இரவில் எல்லோரும் படம் பார்க்க உட்கார, கடல்தாண்டிய பாதையில் பொட்டலங்கள் தொலைகின்றன. ஒன்று தொலைந்தால் டிசிபி (பொட்டலங்களை அனுப்பும் விதிமுறை) வேகத்தைச் சட்டென்று வெட்டிவிட்டு, மறுபடி மெதுவாக ஏறும். தூரம் அதிகம் என்றால் அந்த ஏற்றமும் மெது. நெதர்லாந்து முகவரி, 563, 20 இணைப்பு என்று மாற்றினேன். இரவு பத்து மணிக்கு விபிஎன் இல்லாமல் 9 மெகாபைட் வந்தது. அந்தப் பையனின் முகம்தான் ஞாபகம் வந்தது.

"வேறு கம்பெனிக்கு மாறிவிடுங்கள்" என்று சுலபமாக எழுதுபவர்களுக்கு: எங்கள் அப்பார்ட்மெண்டில் ஒரே கம்பெனிதான் கேபிள் இழுக்கலாம். அசோசியேஷன் செயலாளர் அவர்களோடு என்ன பேசி வைத்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஜெனரல் பாடி மீட்டிங்கில் கேட்டேன், லிஃப்ட் மெயின்டனன்ஸ் பேச்சுக்குத் தாவினார். லிஃப்டும் ஓடவில்லை, அது வேறு விஷயம். மூன்றாம் மாடிக்குக் கேஸ் சிலிண்டர் தூக்க ஆள் கூலி நாம்தான் கொடுக்கிறோம், மெயின்டனன்ஸ் மட்டும் மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும், ஆறாம் தேதி அபராதம். போகட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எதற்கும் முன்னால் இந்த மாதம் எவ்வளவு இறக்கியிருக்கிறீர்கள் என்று கம்பெனி ஆப்பில் பாருங்கள். நம் ஊரில் "அன்லிமிடெட்" என்றால் பல பிளான்களில் 3300 ஜிபிதான், பழைய பிளான்களில் இன்னும் குறைவு. அதைத் தாண்டினால் வேகத்தை இறக்குவது த்ராட்டிலிங் ஆகாது, நீங்கள் படிக்காமல் டிக் அடித்த நிபந்தனை. ஆனால் அப்போது இரவு பகல் இரண்டிலுமே இறங்கும். உங்களுக்கு இரவில் மட்டும் என்பதால் அது இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

நிஜமாகவே கை வைக்கிறார்கள் என்று தோன்றினால் புகார் கொடுங்கள். 2018லேயே நம் நாட்டில் நெட் கம்பெனிகளின் லைசென்ஸ் நிபந்தனையில் நெட் நியூட்ராலிட்டியை (எந்த டிராஃபிக்கையும் பாரபட்சமாக நடத்தக்கூடாது என்பதை)ச் சேர்த்துவிட்டார்கள், நியாயமான டிராஃபிக் மேனேஜ்மெண்ட் என்ற ஓட்டையோடு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை எடுக்காது. கம்பெனியில் டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்கி, பிறகு அவர்களுடைய அப்பெலேட் அதாரிட்டிக்கு (மேல்முறையீட்டு அதிகாரி) எழுத வேண்டும். நான் எழுதினேன். "தங்கள் இணைப்பு சீராக உள்ளது" என்று பதில் வந்தது.

புரொவைடரைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் பத்துப் பெயர் தெரியும், கடை பத்து, குடோன், அதாவது ஃபைல்கள் கிடக்கும் சர்வர்கள், சிலதுதான். நியூஸ்ஹோஸ்டிங், ஈஸிநியூஸ், யூஸ்நெட்சர்வர், ஏவெக்கா எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றில் கிடைக்காத பழைய ஃபைல் அடுத்ததில் கிடைக்கும் என்று அங்கேயே தாவினால் பணம்தான் தண்டம். ஒரு குடோனில் மாதச் சந்தா, வேறு குடோனில் காலாவதி ஆகாத ஒரு பிளாக் அக்கவுண்ட் (இத்தனை ஜிபி என்று மொத்தமாக வாங்கித் தீரும்வரை இறக்குவது) என்பது என் ஏற்பாடு. 500 ஜிபி பிளாக் வாங்கி மூன்று வருடமாக ஓடுகிறது. 5000 நாளுக்கு மேல் ரிடென்ஷன் (பழைய பதிவுகளை வைத்திருக்கும் காலம்) என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். எல்லாக் குழுவிலும் எல்லாப் பதிவும் முழுசாகக் கிடைக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஐரோப்பாவில் சர்வர் இருக்கிறதா, 563 உண்டா, எத்தனை இணைப்பு தருகிறார்கள், இவற்றைப் பாருங்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் ஆட்டோ டெபிட் விதி வந்த பிறகு என் கார்டில் வெளிநாட்டுச் சந்தா தானாகப் புதுப்பிக்கவில்லை, பழைய தள்ளுபடி விலை போயே போய்விட்டது. தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். வெறும் எழுத்துக் குழுக்கள் போதும் என்றால் எடர்னல் செப்டம்பர் என்ற சர்வர் இலவசம். 2024 பிப்ரவரியில் கூகுள் குரூப்ஸ் யூஸ்நெட்டைக் கைகழுவியபோது நான் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான்.

மாறுவதற்கு முன்னால் இருக்கிற சந்தாவிலேயே போர்ட், சர்வர் முகவரி, இணைப்பு எண்ணிக்கை மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அதையும் இரவு ஒன்பதரைக்குச் செய்யுங்கள். காலை ஆறு மணிக்குச் செய்துவிட்டு "எனக்கு நல்லாத்தான் வருது" என்று கீழே வந்து எழுதாதீர்கள்.